உஸ்பூ

வெள்ளிக்கிழமைகளில் பகல் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஆசீர்வாதத்தை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடுவதில்லை. துறைமுகத்தில் அவரோடு இருப்பவர்களுக்கு அது தெரியும். கப்பலின் மேல்தளத்திலேயே நிற்க நேர்ந்தாலும், இரண்டு கண்டெய்னர்களுக்கு இடையே விழும் முழ அகல நிழலைத் தேடிப்போய், தலைக்கவசத்தை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அவருடைய மனைவி ஃப்ளோராவின் கைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கைபேசி வரும். மற்ற ஆறு நாட்களும் அது எஜமானியின் அலமாரியில் இருந்தது.

ஆசீர்வாதத்துக்கு லேஷிங் வேலை. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்டெய்னர்கள் அலையில் சரிந்துவிடாதபடி, ஆளுயரத்துக்கு மேல் நீண்ட இரும்புக் கம்பிகளைக் குறுக்காக மாட்டித் திருகி இறுக்குவார்கள். கரைக்கு வந்த கப்பலில் அதையே தளர்த்துவார்கள். தலைக்குமேல் தூக்கிய கம்பியின் நுனியை மூலைத் துளைக்குள் குறிபார்த்து நுழைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அந்த இரும்பு, கையுறையையும் தாண்டிச் சுடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைச் செய்துவந்ததில் அவருடைய கழுத்தும் முன்னங்கைகளும் தார் நிறத்துக்கு வந்திருந்தன.

வெயில் என்பது ஒரு மனிதருக்குக் குறையக்கூடிய பொருள் என்று அதுவரை அவர் நினைத்துப் பார்த்ததே கிடையாது. அவருடைய மகள் ஜூடிக்கு அது குறைந்திருந்தது.

ஜூடிக்குப் பதினெட்டு வயது. பளுதூக்குபவள். காலை ஐந்து மணிக்கு, இருட்டோடு, தண்டையார்பேட்டையில் பழைய கிடங்கு ஒன்றைத் தடுத்து அமைத்த பயிற்சிக்கூடத்துக்குப் போவாள். அங்கிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து மறுபடியும் கூடம். தகரக் கூரை, சன்னல் கிடையாது, பகலிலும் குழல்விளக்கு எரியும். அவள் வீடு திரும்பும்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். மாசி மாதம் விளையாட்டு வீரர்களுக்கு நடந்த மருத்துவ முகாமில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி மிகவும் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிப்பதாக அவள் சொல்லிவந்ததற்கு அதுதான் காரணமாம். மருத்துவர் ஒருவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர் சங்கமித்ராவும் சொல்லியிருந்தாள்.

செய்தி அவர்கள் குடியிருந்த லைன் வீட்டின் தண்ணீர்க் குழாயடிக்கு வந்து சேர ஒரு நாள்கூட ஆகவில்லை. மீன் விற்றுவிட்டு அலுமினியத் தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டிருந்த புஷ்பவல்லி, கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னா நைனா, ஊரே வெயில்ல வெந்துகினு கீது, உம் பொண்ணுக்கு வெயிலு பத்தலியாமே! காசிமேட்டாண்ட கருவாடு காய வெக்கறாங்க பாரு, அந்தப் பாயில ரெண்டு நாளு இத்தயும் பொரட்டிப் போடு. எல்லாம் சரியாப் பூடும்."

"டாக்டரு சொல்லிக்கீறாரு புஷ்பா."

"அவுரு சொல்வாரு. ஏசி ரூம்ல குந்திகினு வெயில பத்திச் சொல்றதுக்கு இன்னா?"

ஆசீர்வாதமும் சிரித்துவைத்தார். ஆனால் படியேறும்போது அவர் மனத்தில் ஓடியது வேறு கணக்கு. ஆடி மாதக் கடைசியில் மாநில அணிக்கான தேர்வு. அதில் ஜூடி இடம்பிடித்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு மனுப்போட வழி பிறக்கும் என்று சங்கமித்ரா சொல்லியிருந்தாள். ஃப்ளோராவின் இரண்டாவது ஒப்பந்தம் ஆவணியில் முடிகிறது. "ஜூடி அந்த செலக்சன்ல வந்துட்டான்னு வெச்சுக்கோ, நான் இங்க மறுபடி கையெழுத்து போட மாட்டேன். பொட்டியத் தூக்கிகினு வந்துடுவேன்" என்று அவள் மூன்று வெள்ளிக்கிழமைகளில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். நான்கு ஆண்டுகளாகத் தகப்பனும் மகளும் ஒரே அறையில் குடியிருந்தும், ஷிப்டு வேலையினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது அரிதாகத்தான் இருந்தது. அவள் வடித்து மூடிவைத்த சோற்றை அவர் உண்பார். அவர் அவித்து வைத்துவிட்டுப் போன முட்டையை அவள் உண்பாள். குடும்பம் என்பது அந்த வீட்டில் மூடிவைத்த பாத்திரங்களாக இருந்தது.

மாத்திரை விஷயம் கேட்டதும் ஃப்ளோரா தடுத்துவிட்டாள்.

"அங்க வாங்காத. இங்க மேடத்தோட பையன் ஃபுட்பால் ஆடறான், அவன் போட்டுக்கற மாத்திர கீது. ஒரே வெயிலு தேசம்தான் இதுவும், ஆனா யாரும் வெளிய தல காட்டறது இல்ல. எல்லாருக்கும் இதே கொறதான். மேடமே வாங்கித் தர்றேன்னு சொல்லிக்கீறாங்க. ஊருக்கு வர்ற பொண்ணு ஒண்ணு கீது, அது கையில குடுத்து அனுப்பறேன். நாலு டப்பா. வருசத்துக்குக் கவலயில்ல. மேல சீட்டு ஒட்டிக்கீது, அதுல போட்டிருக்கற மாதிரியே குடு."

பங்குனி நடுவில் டப்பாக்கள் வந்தன. வெள்ளை நிறம், ஒவ்வொன்றிலும் பதினைந்து மாத்திரைகள். டப்பாக்களில் ஃப்ளோராவின் பெட்டி வாசனை இருந்ததாக ஆசீர்வாதத்துக்குத் தோன்றியது. மருந்துக்கடைக்காரர் ஒட்டிய சீட்டு ஆங்கில எழுத்துகளின் மேல் நன்றாகப் படிந்திருந்தது. அதில் எழுதியிருந்தது முழுவதும் அரபி.

அவர் கீழ் வீட்டுக்குப் போனார். அங்கே ஹஃப்சா பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதைக் கடந்தவள். சிறுமியாக மதரஸாவில் ஓதியவள். இன்றும் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் எழுத்துக் கூட்டி ஓதக் கற்றுக்கொடுக்கிறவள். தையல் இயந்திரத்தை நிறுத்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டப்பாவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"கப்ஸூலா... வாஹிதா... குல்லு... உஸ்பூ."

"ஆஹா, எவ்ளோ சோக்கா படிக்கிறக்கா. அப்டின்னா இன்னா?"

"கப்ஸூலா தான் மாத்திர. வாஹிதான்னா ஒண்ணு. குல்லுன்னா எல்லாம், ஒவ்வொண்ணும்னு அர்த்தம்." அவள் அங்கே நிறுத்தினாள். அவள் விரல் கடைசிச் சொல்லின் மேல் சிறிது நேரம் இருந்தது. ஓதிய வேதத்தில் அந்தச் சொல்லை அவள் சந்தித்ததில்லை. அரபி எழுத்தை வாய்விட்டுப் படிப்பது வேறு, அரபி மொழி வேறு என்பதை நம்பிவந்த மனிதரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"ஒவ்வொரு நாளும் ஒண்ணுன்னு தான் போட்டிருக்கும் தம்பி," என்றாள்.

"தெனம் ஒண்ணு."

"ஆமா. வேற இன்னா இருக்கப்போவுது?"

அவளுடைய விரல் நின்றதை ஆசீர்வாதம் பார்த்தார். பார்க்கவில்லை என்று பிற்பாடு அவரால் தமக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. தினம் ஒன்று என்பது, அவர் கேட்க விரும்பிய பதிலாக இருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு மேலே வந்தார்.

அன்றிலிருந்து முட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரையும் வைத்துவிட்டுப் போனார்.

முதல் மாதம் நன்றாகவே போனது என்று சொல்ல வேண்டும். கால்வலி குறைந்துவிட்டது என்றாள் ஜூடி. ஸ்னாட்ச் என்கிற, ஒரே மூச்சில் தலைக்குமேல் தூக்கும் முறையில், அதுவரை எட்டாத எடையைத் தூக்கிவிட்டாள். அதைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். கப்பல் தளத்தில் உட்கார்ந்து அதைப் பத்துத் தடவை பார்த்தார் அவர். கம்பி தலைக்குமேல் நிற்கிற அந்த ஒரு கணத்தில் மகளின் முகம் தம்முடைய முகம் போலவே இறுகியிருப்பதைக் கண்டு, பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்.

"லேஷிங்குக்கு இட்டுனு வந்துடு, ஆள் பத்தல," என்றார் அவர்.

கத்திரி வெயில் தொடங்கிய சமயத்தில் வீட்டின் தண்ணீர்க் குடம் சீக்கிரம் காலியாகத் தொடங்கியது. வெயில்காலம்தானே என்று ஆசீர்வாதம் நினைத்தார். பிறகு முட்டைகள் மீந்தன. மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு முட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தாள். வஞ்சிரம் வாங்கி அவர் கைப்படக் குழம்பு வைத்த ஞாயிற்றுக்கிழமையன்று, பூசைக்குப் போய்வந்த இருவரும் நெடுநாளைக்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு கவளத்துக்குமேல் ஜூடிக்கு இறங்கவில்லை.

"இன்னாம்மா, கொழம்பு நல்லாலியா?"

"நல்லாதான் கீது நைனா."

"அப்பால?"

"வயிறு ஒரு மாதிரி கீது. வெயிட்டும் கொஞ்சம் கொறையணும்."

எழுந்து குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அதற்கு அடியில், அவள் ஓங்கரிக்கும் சத்தமும் கேட்டது. ஆசீர்வாதம் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் குழாயடியில் புஷ்பவல்லி வழக்கம்போல் உரக்கப் பேசவில்லை. அதுவே அவருக்குக் கலக்கமாக இருந்தது. அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தப்பா எட்த்துக்காத நைனா. மூணு நாளா காலயில பாக்கறேன். பொண்ணு சந்துல நின்னு வாந்தி எடுக்குது."

"பித்தமா இருக்கும்."

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க கீது. தாயில்லாத வூட்ல வயசுப் பொண்ணு. நாலு பேரு நாலு விதமாப் பேசறதுக்குள்ள நீயே இன்னான்னு கேட்டுடு."

"இன்னா கேக்கச் சொல்ற?"

"அத்த நான் வாயால வேற சொல்லணுமா?"

அவர் கேட்கவில்லை. கேட்பதற்குச் சொற்களைத் தேடினார். ஒரு தகப்பன் மகளிடம் அதைக் கேட்பதற்கான சொல் எதுவும் அவரிடம் இல்லை. அது ஃப்ளோராவிடம் இருந்திருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அவளிடம் சொல்லலாம் என்று எண்ணி, வெள்ளிக்கிழமை வந்ததும், இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருத்தி ஆறு நாட்கள் யாரிடமும் பேச முடியாமல் இதைச் சுமப்பாளே என்று விட்டுவிட்டார். சங்கமித்ராவைப் பார்க்கக் கூடம் வரை போனார். வெளியே, லாரிகள் வரிசையாக நின்ற சாலையில், உள்ளே எடைகள் தரையில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். அந்த இரண்டு வாரங்களும் அவர் மகளைத் திருடனைப் போலப் பார்த்தார். அவள் இடுப்பைப் பார்த்தார். பார்த்ததற்காகக் கோயிலில் முழந்தாளிட்டார். ஜூடியும் அவர் பார்வையை உணர்ந்திருக்க வேண்டும். அவர் வீட்டிலிருக்கும் நேரங்களில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாத்திரை தீர்ந்தது வைகாசி நடுவில். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆசீர்வாதம் வீட்டிலேயே இருந்தார். வேறெதையும் பேச முடியாதவராக அதைப் பேசினார்.

"மாத்திர முடிஞ்சிடுச்சு ஃப்ளோரா. இன்னும் நாலு டப்பா யாராச்சும் வந்தா குடுத்தனுப்பு."

"இன்னா முடிஞ்சிடுச்சு?"

"நீ அனுப்புனது தான். நேத்தோட சரி."

"வருசத்துக்கு அனுப்புனேனே," என்றாள். "நாலு டப்பா. அறுவது. வாரத்துக்கு ஒண்ணு. நீ எப்டிக் குடுத்த?"

ஆசீர்வாதம் எழுந்துபோய்க் காலி டப்பாவைக் கையில் எடுத்தார்.

"நைனா! ஜூடி நைனா! உன்னத்தான் கேக்கறேன், எப்டிக் குடுத்த?"

"தெனம்," என்றார். அதற்குமேல் அவள் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

பயிற்சிக்கூடத்துக்கு அவர் ஆட்டோவில் போய் இறங்கியபோது ஜூடி கம்பியின் முன் குனிந்து நின்றிருந்தாள். சங்கமித்ரா இடுப்பில் கைவைத்தபடி, "முதுக நிமித்து, முதுக நிமித்து" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பி முழங்கால் வரை வந்தது, அங்கேயே நின்றது, பிறகு கைகளிலிருந்து வழுக்கி விழுந்தது. ஜூடி அதன் பின்னால் மெதுவாக, பாயில் உட்காருகிறவளைப் போல உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வாரமா இதே கத தான்ணே," என்றாள் சங்கமித்ரா. "கேட்டா ஒண்ணியும் சொல்ல மாட்டேங்குது. நானே உங்க வூட்டுக்கு வரலாம்னு கீறேன். இன்னாதான் ஆச்சு இதுக்கு?"

ஆசீர்வாதம் காலி டப்பாவை நீட்டினார். அதைப் படிக்க அவளுக்கும் தெரியவில்லை. சீட்டை நகத்தால் சுரண்டி உரித்தாள். அடியில் ஆங்கிலத்தில் ஒரு மாத்திரைக்கு ஐம்பதாயிரம் யூனிட் என்று அச்சிட்டிருந்ததைப் படித்ததும், ஜூடியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே. இப்பவே. ஆட்டோ நிக்கிதா, அனுப்பிட்டீங்களா?"

அரசு மருத்துவமனையில் இரத்தம் பார்த்தார்கள். வைட்டமின் டி அளவுக்கு மீறி ஏறி, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து தேங்கிவிட்டது என்று இளம் மருத்துவர் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தாகம், வாந்தி, சோர்வு எல்லாம் அதனால்தான். சிறுநீரகம் தப்பிவிட்டது, இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் சொல்ல முடியாது. நரம்பில் உப்புநீர் ஏற்ற வேண்டும். பால், தயிர் கூடாது. மூன்று மாதத்துக்குப் பளுதூக்கக் கூடாது.

"ஆடியில செலக்சன் கீது சார்," என்றார் ஆசீர்வாதம்.

"உங்க பொண்ணு இருக்காளான்னு பாருங்க முதல்ல," என்றார் மருத்துவர். கடுமையாகச் சொல்லவில்லை.

வெளியே நடையில் வந்து நின்றபோது, இரண்டு வாரங்களாகத் தாம் அஞ்சியது உண்மை இல்லை என்கிற நிம்மதி அவருக்குள் முதலில் எழுந்தது. அப்படி நிம்மதி வந்ததற்காகத் தம் முகத்தைத் தாமே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹஃப்சா மருத்துவமனைக்கு வந்தாள். கையில் இளநீர் இரண்டு. கட்டிலருகே வராமல், கதவோரமே நின்றாள். ஆசீர்வாதம் எழுந்து போனார்.

"அந்தக் கடைசி வார்த்த எனக்குத் தெரியாது தம்பி," என்றாள். "பசங்களுக்கு ஓதிக் குடுக்கறவ, தெரியாதுன்னு எப்டிச் சொல்றதுன்னு... நேத்து பள்ளிவாசலாண்ட மோதினார் கிட்ட கேட்டேன். உஸ்பூன்னா வாரமாம். ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த."

"அழாதக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"உம் பொண்டாட்டி கிட்ட சொல்லு. நான்தான் சொன்னேன்னு சொல்லு. நான் மறைக்க மாட்டேன்."

"உனக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியும்க்கா," என்றார் ஆசீர்வாதம். "உன் வெரலு நின்னுச்சே, நான் பாத்தேன். தெனம் குடுத்தா சீக்கிரமா தூக்குவா, அவ தூக்குனா ஃப்ளோரா சீக்கிரம் வந்துடும்னு... நீ படிச்சத நான் கேக்கல. எனக்கு வேண்டியத கேட்டுகினேன்."

ஹஃப்சா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இளநீரை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜூடியைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போனாள்.

அவர் திரும்பியபோது ஜூடி விழித்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கையில் குத்தியிருந்த ஊசியின் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நைனா."

"சொல்லும்மா."

"நான் அந்தச் சீட்ட போன்ல படம் புட்ச்சு அர்த்தம் பாத்தேன். ரெண்டாவது டப்பா முடியறப்பவே. வாரத்துக்கு ஒண்ணுதான் போடணும்னு அதுல இருந்துச்சு."

ஆசீர்வாதம் இளநீரைக் கீழே வைத்தார்.

"அப்பால ஏன்மா போட்ட?"

"அப்பத்தான் ஸ்னாட்ச் ஏறுச்சு. இத்த நிறுத்துனா எறங்கிடுமோன்னு பயந்துகினே இருந்தேன்." பிளாஸ்திரியின் ஓரத்தைப் பிய்த்தாள். "நீ முட்டயாண்ட தெனம் எட்த்து வெச்சுட்டுப் போவியே. அம்மா வர்றதுக்குத்தான் வெக்கறன்னு எனக்குத் தெரியாதா?"

ஒரே அறையில், ஒரே ஆசைக்காக, ஒருவருக்கொருவர் தெரியாமல் இருவரும் இரண்டு மாதம் விழித்திருந்தார்கள். போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அவர் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கைபேசி ஒலித்தது. ஃப்ளோராவின் குரல் கம்மியிருந்தது. ஒரு வாரமாக அவளுக்கு எந்தச் செய்தியும் தெரியாது. ஆசீர்வாதம் சொன்னார்: உயிருக்கு ஒன்றும் இல்லை, தெளிந்துவிட்டாள், தேர்வுக்குப் போக முடியாது.

"யாரு படிச்சது அத்த? தெனம்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் தப்பா நெனச்சுகினேன்."

"நீ அரபி படிச்சியா?"

"நான்தான் ஃப்ளோரா."

அவள் அதை நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை. தொலைவில் யாரோ அவளை அழைப்பது கேட்டது.

"மேடம் இன்னிக்கி பேப்பர எட்த்துகினு வந்துட்டாங்க," என்றாள். "செலக்சன் வரைக்கும் பொறுங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். இனிமே எதுக்குப் பொறுக்கறது? ரெண்டு வருசந்தான. கையெழுத்து போட்டுடறேன்."

"சரி," என்றார் ஆசீர்வாதம்.

"எம் மேல தப்பு. நான் அனுப்பாம இருந்திருக்கணும். ஜூடி கிட்ட குடு, ஜல்தியா குடு, கூப்டறாங்க."

அவர் கைபேசியை மகளிடம் நீட்டினார். அவர் கையிலிருந்து அவள் கைக்குப் போகும் வழியிலேயே அது மூன்று தடவை சிணுங்கி, இணைப்பு அறுந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. கட்டாயிடுச்சும்மா என்று சொல்ல வாயெடுத்தார்.

ஜூடி அதைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா... ம். நல்லா கீறேம்மா." சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினாள். "இல்ல, வாந்தி நின்னுடுச்சு... ம்... கஞ்சி குடிச்சேன். நைனா கூடவே தான் கீறாரு, வேலைக்கே போவல... ம். சரிம்மா. சொல்றேன்."

ஆசீர்வாதம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் இன்னும் இரண்டு தடவை 'ம்' கொட்டினாள். பிறகு கைபேசியை இறக்கி, திரையைத் துப்பட்டாவில் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

"அம்மாக்கு உன் மேல கோவம் இல்லியாம் நைனா," என்றாள்.

"சரிம்மா," என்றார் அவர்.